45 நிமிடம், 28 கேள்வி

2025 டிசம்பரில் தென்கொரியாவில் ஓர் அரசு நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். ஊழல் எதுவும் இல்லை. கேள்வித்தாள் வெளியாகவும் இல்லை. ஆங்கிலத் தேர்வு மிகக் கடினமாகிவிட்டது என்பதுதான் காரணம். விலகியவர் ஓ சுங்-கொல்; கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் கொரியப் பாடத்திட்ட, மதிப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். அந்த நவம்பரில் தேர்வெழுதியவர்களில் ஆங்கிலத்தில் முதல் தரம் பெற்றவர்கள் 3.11 விழுக்காடு. முந்தைய ஆண்டில் அது 6.22. ஒரே ஆண்டில் சரிபாதியாகச் சரிந்துவிட்டது.

இம்மானுவேல் கான்ட்டின் சட்டத் தத்துவம் பற்றி ஒரு பத்தி, கணினி விளையாட்டின் உள்மொழியில் ஒரு பத்தி என்று பள்ளிப் பிள்ளைகள் எதிர்கொண்ட பகுதிகள் உலகெங்கும் செய்தியாயின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவற்றைப் படித்துத் தலையைச் சொறிந்தார்கள். ஆனால் அந்தத் தாளைக் கடினமாக்கியது சொற்கள் மட்டுமல்ல. ஒரு கொரிய மாணவர் ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படிக்கப் பல ஆண்டுகள் எப்படிப் பழகுகிறார், எதற்காகப் பழக்கப்படுகிறார் என்று பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும்.

அந்தத் தேர்வுக்குச் சுனுங் என்று பெயர். 1993-இல் தொடங்கியது. ஆண்டுதோறும், வழக்கமாக நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நடக்கும். 2025-இல் விண்ணப்பித்தவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர். மதிய உணவுக்குப் பின் 1.10-க்கு ஆங்கிலம் தொடங்குகிறது. முதல் பகுதி ஒலிபெருக்கியில் வரும் உரையாடல்களைக் கேட்டு விடையளிப்பது. அதற்காக 1.05 முதல் 1.40 வரை நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. இந்தச் செய்தி ஒவ்வோராண்டும் பத்திரிகைகளில் வந்துவிடும். விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கிய பின் தேர்வறைக்குள் நடப்பதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

ஆங்கிலத் தாளில் மொத்தம் 45 கேள்விகள், 70 நிமிடங்கள், 100 மதிப்பெண். கேட்டல் பகுதியின் 17 கேள்விகளுக்குச் சுமார் 25 நிமிடம் போய்விடும். மிச்சமிருக்கும் 45 நிமிடங்களில் 28 வாசிப்புக் கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் அடர்த்தியான ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், ஐந்து விடைகளையும் எடைபோட வேண்டும், விடைத்தாளில் குறிக்கவும் வேண்டும். பத்திகளில் பல, ஆங்கிலத்தில் வந்த ஆய்வு நூல்களிலிருந்தும் கட்டுரை நூல்களிலிருந்தும் எடுத்துச் சீரமைக்கப்பட்டவை. உளவியல், பொருளாதாரம், உயிரியல், இசை, அறிவியல் தத்துவம் என்று பக்கத்துக்குப் பக்கம் துறை மாறும். முன்னே என்ன இருந்தது, பின்னே என்ன வருகிறது என்று தெரியாத நடுப்பகுதி ஒன்று மாணவர் முன் வந்து நிற்கிறது.

இதனால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது நேரத்தைப் பங்கிடும் கலை. கொரிய மாணவர்களுக்குக் கேள்வி எண்ணைச் சொன்னாலே போதும், அது எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். 18 என்றால் கடிதத்தின் நோக்கம். 19 மனநிலை மாற்றம். 25 வரைபட அட்டவணை. 26 ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு. 27-உம் 28-உம் அறிவிப்புகள். 29 இலக்கணம், 30 சொற்பொருத்தம். 31 முதல் 34 வரை கோடிட்ட இடம் நிரப்புதல். அடுத்தது பொருந்தாத வரியைக் கண்டுபிடிப்பது. 36, 37 பத்திகளை வரிசைப்படுத்துவது. 38, 39 தனியே கொடுத்த ஒரு வாக்கியத்தை உரிய இடத்தில் நுழைப்பது. இந்த வரிசை ஆண்டுக்காண்டு பெரிதாக மாறுவதில்லை. பலர் ஒலிபெருக்கியில் ஓர் உரையாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளிலேயே 18-ஐயும் 25 முதல் 28 வரையுள்ளவற்றையும் முடிக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். தேர்ந்த மாணவர்கள் கடைசி நெடும்பத்தியான 43 முதல் 45 வரையும் அப்போதே பார்த்துவிடுகிறார்கள். காது ஓர் ஆங்கிலத்தைக் கேட்க, கண் வேறோர் ஆங்கிலத்தைப் படிக்கும். இப்படிச் சேமித்த நிமிடங்கள் அனைத்தும் 31 முதல் 39 வரையிலான கேள்விகளுக்காக.

கோடிட்ட இடம்தான் எல்லோரும் அஞ்சும் பகுதி. அது எப்படி இயங்குகிறது என்பதைத் தமிழிலேயே ஒரு மாதிரி செய்து பார்க்கலாம்.

நகர வரைபடம் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். ‘ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விளக்குக் கம்பமும் குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் கொடுத்தால் வழி தேடி வந்தவர் திணறிப் போவார். நிலத்தடி ரயிலுக்கான வரைபடம் தண்டவாளத்தின் வளைவுகளை நேர்கோடாக்கிவிடுகிறது. நிலையங்களுக்கு இடையிலான உண்மையான தொலைவையும் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் பயணி தடுமாறுவதில்லை. மலையேறுபவருக்கான வரைபடத்தில் கடைவீதிகள் இல்லை. ஆகவே, ஒரு வரைபடத்தின் பயன் _____ என்பதைப் பொறுத்தது.’ ஐந்து விடைகளில் ஒன்று ‘அது எவ்வளவு நுணுக்கமாக வரையப்பட்டிருக்கிறது’ என்று இருக்கும். இன்னொன்று ‘அது தொலைவை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது’. இரண்டும் பத்தியில் பேசப்பட்ட விஷயங்கள் போலவே தோன்றும். அவசரத்தில் படித்தவர் இவற்றில் விழுவார். சரியான விடை ‘எவற்றை அது விட்டுவிடுகிறது’ என்பது. விட்டுவிடுதல் என்ற சொல் பத்தியில் ஓரிடத்திலும் இல்லை. மூன்று எடுத்துக்காட்டுகளுக்கும் பொதுவான கருத்தைப் படிப்பவரே பிரித்தெடுத்தாக வேண்டும்.

இந்த வகைக் கேள்வியை அமைப்பவர்கள் செய்வது பெரும்பாலும் இதைத்தான். சரியான விடையைப் பத்தியின் சொற்களிலிருந்து தூர விலக்கி வைப்பார்கள். தவறான விடைகளுக்குப் பத்தியின் சொற்களையே உடுத்துவார்கள். நல்ல வாசகரைச் சோதிக்க இது நேர்மையான வழிதான். கருத்தைப் பிடித்தவருக்கும் சொல்லை மட்டும் பிடித்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிந்துவிடும். வாக்கியத்தை நுழைக்கும் கேள்வியும் அப்படியே. ‘இருப்பினும்’, ‘இத்தகைய’, ‘அவர்கள்’ போன்ற சிறு சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று பின்தொடர்ந்து, பத்தியில் எங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் இது மூளைக்கு நல்ல உழைப்பு. சிக்கல் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சிக்கலைப் பெரிதாக்கும் இன்னொன்று உண்டு. அதைத் தமிழ் வாசகர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ‘நேற்று கடையில் நான் வாங்கிய புத்தகம்’ என்று தமிழில் சொல்கிறோம். கொரிய மொழியிலும் நேற்று, கடையில், நான், வாங்கிய, புத்தகம் என்று அதே வரிசைதான். ‘கடையில்’ என்பதற்குக் ‘கடை’யோடு ஒட்டு சேர்வதுகூட அப்படியே. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். பெயரை விவரிக்கும் எதுவும் பெயருக்கு முன்னே வந்துவிடும். ஆங்கிலம் இதைக் கவிழ்த்துப் போடுகிறது. முதலில் புத்தகம், பிறகு நான் வாங்கியது, பிறகு கடையில், கடைசியில் நேற்று. இரண்டு மூன்று கிளைகள் கொண்ட நீண்ட வாக்கியமென்றால் கொரிய மாணவர் வாக்கியத்தின் முடிவுவரை ஓடி, திரும்பி வந்து, தலைகீழாக்கித் தம் மொழியில் பொருள் கொள்வார். பள்ளிகளில் பல தலைமுறையினர் இப்படித்தான் ஆங்கிலம் படித்தார்கள். சரியாகவே புரியும், ஆனால் கண் இரண்டு முறை நடக்க வேண்டும்.

அதற்கு மாற்றாக வந்த பயிற்சிதான் ‘ஜிக்தோக் ஜிக்ஹே’. வாக்கியத்தில் பொருள் முடியும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போட்டு, துண்டு துண்டாக, வந்த வரிசையிலேயே பொருள் கொண்டு முன்னேறுவது. திரும்பிப் பார்க்கக் கூடாது. புத்தகம் / நான் வாங்கியது / கடையில் / நேற்று. தொடக்கத்தில் கொரியக் காதுக்கு இது கரடுமுரடாக இருக்கும். பழகப் பழகக் கோடுகள் குறையும், துண்டுகள் நீளும். கொரிய மாணவரின் பழைய பயிற்சித்தாளை எடுத்துப் பார்த்தால் பக்கம் முழுக்கச் சாய்கோடுகளும், எழுவாய்க்குக் கீழே கோடுகளும், ‘ஆனால்’ வரும் இடத்தில் முக்கோணமும் நிறைந்திருக்கும். மொழியின் அமைப்பைப் புரிந்துகொண்டவர்கள் உருவாக்கிய நல்ல முறை இது. நம் ஊர் வகுப்பறைகளிலும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உள்ள இந்த ஒற்றுமையை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர், கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர் என்பது சுவையான செய்தி. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1886-இல், அரசர் தொடங்கிய பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தர சியோலுக்கு வந்தார். 1905-இல் கொரிய மொழியின் இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற முடிவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனால் வாக்கிய அமைப்பில் அவர் கண்ட ஒற்றுமை உண்மையானது. கொரிய விடுதலைக்காகவும் குரல் கொடுத்த ஹல்பர்ட், 1949-இல் சியோலில் காலமாகி அங்கேயே அடக்கமானார்.

சுனுங்குக்கு முந்தைய தலைமுறைக்கு ஆங்கிலம் என்றால் ஒரு தடித்த புத்தகம். சோங் சுங்-முன் 1967-இல் வெளியிட்ட அந்த இலக்கணத் தொகுப்பு, பிற்காலத்தில் அவர் பெயரிலேயே நிலைத்தது. நுணுக்கமான இலக்கணக் குறிப்பு, பிறகு ஆங்கில அறிஞர்களின் கனத்த உரைநடைப் பகுதி, பிறகு பயிற்சி என்பது அதன் அமைப்பு. வீட்டுக்கு வீடு இருந்த புத்தகம் அது. அதில் ஈட்டிய பணத்தில் சோங் பழைய அச்சு நூல்களையும் சுவடிகளையும் தேடித் தேடி வாங்கினார். அரசு தேசியப் பொக்கிஷமாக அறிவித்தவை உட்பட, அந்தத் தொகுப்பின் அரிய பகுதியை 2003-இல் தேசிய அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் வந்த காசு நாட்டின் ஏட்டுச் செல்வமாகத் திரும்பியது. இந்த வரலாற்றில் மனதுக்கு நிறைவான ஒரு பக்கம் இது.

மனப்பாடத்தை விட்டு யோசிக்கும் திறனைச் சோதிப்போம் என்றுதான் 1993-இல் சுனுங் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் அரசு செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் பயிற்சி முறை உடனே தன்னை மாற்றிக்கொண்டது. பல நேரங்களில் அரசு நினைத்த திசைக்கு நேர் எதிராக.

தனியார் பயிற்சிக்குப் பணம் இல்லாத பிள்ளைகளுக்கு உதவ, அரசு கல்வித் தொலைக்காட்சியான இ.பி.எஸ். வெளியிடும் பயிற்சி நூல்களோடு தேர்வை இணைக்க முடிவு செய்தார்கள். 2010 நவம்பர் தேர்விலிருந்து 70 விழுக்காடு கேள்விகள் அந்த நூல்களோடு தொடர்புடையவையாக இருக்கும் என்று அறிவிப்பு வந்தது. ஆங்கிலத்தில் அந்த நூல்களின் பத்திகளே தேர்விலும் வரத் தொடங்கின. பல பள்ளிகளில் மேல்நிலை இறுதியாண்டில் பாடநூல் மூலைக்குப் போய், இ.பி.எஸ். நூல் மேசைக்கு வந்தது. அதைவிட வருத்தமானது அடுத்து நடந்தது. பத்திகளின் கொரிய மொழிபெயர்ப்பை மாணவர்கள் மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள். தேர்வில் முதல் இரண்டு ஆங்கில வரிகள் கண்ணில் பட்டதும், மீதியைக் கொரிய மொழியில் நினைவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில வாசிப்புத் தேர்வில் ஆங்கிலம் வாசிக்காமலே விடை குறிக்க முடிந்தது. கடைசியில் 2021 தேர்விலிருந்து இணைப்பை 50 விழுக்காடாகக் குறைத்து, ஆங்கிலத்தில் அதே பத்தியைக் கொடுக்காமல் அதே பொருளில் வேறு பத்தி கொடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

இடையில் இன்னொரு சீர்திருத்தம். 2017 நவம்பர் தேர்விலிருந்து ஆங்கிலத்துக்கு ஒப்பீட்டுத் தர முறை நீக்கப்பட்டது. அதுவரை மேலே உள்ள 4 விழுக்காட்டினருக்குத்தான் முதல் தரம். ஒருவர் ஏற வேண்டுமானால் மற்றொருவர் இறங்கியாக வேண்டும். புதிய முறையில் 90 மதிப்பெண் எடுத்த எல்லோருக்கும் முதல் தரம். பிள்ளைகள் ஒருவரையொருவர் விரட்டுவது குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2020-இல் முதல் தரம் 12.66 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே 6.25-க்கு இறங்கியது. 2025-இல் 3.11. பழைய போட்டி முறையில் கிடைத்திருக்கக்கூடிய நான்கு விழுக்காட்டைவிடவும் குறைவு. சுமையைக் குறைக்க வந்த ஏற்பாடு, பழையதைவிடக் கடுமையாக முடிந்ததுதான் ஓ சுங்-கொல்லின் நாற்காலியை ஆட்டியது. அதே ஆண்டு ஜூன் மாதிரித் தேர்வில் முதல் தரம் 19.1 விழுக்காடு, செப்டம்பர் மாதிரித் தேர்வில் 4.5 என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாணவர் எதை நம்பித் தம் பயிற்சியைத் திட்டமிடுவார் என்ற கேள்வி எழுகிறது. பல பல்கலைக்கழகங்கள், பெரும்பாலும் பள்ளிப் பதிவுகளை வைத்து நடக்கும் முன்சேர்க்கைக்கே சுனுங்கில் இன்ன தரம் வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு தரம் சறுக்கினால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கையில் வந்த இடம் போய்விடக்கூடும்.

நிறுவனத் தலைவர்கள் பதவி விலகுவது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2014-இல் ஆங்கிலத்தின் 25-ஆம் கேள்வி, அட்டவணையோடு பொருந்தாத கூற்றைக் கண்டுபிடிக்கும் எளிய வகை. இணையத்தில் கைபேசி எண்ணை வெளியிட்ட அமெரிக்க இளையோர் 2 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்ததை, ‘18 விழுக்காடு உயர்வு’ என்று ஒரு விடை சொன்னது. இரண்டிலிருந்து இருபது என்பது பத்து மடங்கு. 18 என்பது விழுக்காட்டுப் புள்ளி. கவனமாகப் படித்த மாணவர்கள்தான் இந்தப் பிழையைப் பிடித்தார்கள். நிறுவனம் அறிவித்திருந்த விடையோடு இதுவும் சரி என்று ஏற்கப்பட்டது; உயிரியல் தாளிலும் ஒரு பிழை சேர, அப்போதைய தலைவர் விலகினார். 2023-இல் அதிபர் யூன் சுக்-யோல், பள்ளியில் சொல்லித்தராத ‘கில்லர்’ கேள்விகளை நீக்கச் சொன்னபோது மற்றொரு தலைவர் விலகினார். அந்த ஆண்டு நவம்பரில் ஆங்கில முதல் தரம் 4.71 விழுக்காடு, புதிய முறையில் அதுவரை இல்லாத குறைவு.

2022-இல் நடந்தது இன்னும் கசப்பானது. அமெரிக்கச் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்ட 23-ஆம் கேள்வியின் பத்தி, புகழ்பெற்ற பயிற்சி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்குக் கொடுத்த மாதிரித் தாளில் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பள்ளி ஆசிரியர்கள் சிலர் பணம் பெற்றுக்கொண்டு தனியார் பயிற்சி நிலையங்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்ததைத் தணிக்கை வாரியம் பின்னர் வெளிக்கொணர்ந்தது.

இந்தப் பயிற்சி நிலையங்களை ஹாக்வொன் என்பார்கள். சியோலின் கங்நாம் பகுதியில் தேச்சி-தோங் என்ற வட்டாரம் முழுக்க அவைதான். சியோலில் இரவு பத்து மணிக்கு அவற்றை மூட வேண்டும் என்பது சட்டம். பத்து மணிக்கு அந்தத் தெருக்களில் பெற்றோரின் கார்கள் வரிசையாக நிற்கும். 2024-இல் கொரியக் குடும்பங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தனிப் பயிற்சிக்குச் செலவிட்டது 29.2 லட்சம் கோடி வோன் என்று அரசுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த ஆண்டில் பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போனார்கள். பாடங்களில் அதிகம் செலவாவது ஆங்கிலத்துக்குத்தான்.

அந்தப் பயிற்சி இப்போது பாலர் வயதுக்கு இறங்கியிருக்கிறது. பெயர்பெற்ற ஆங்கில ஹாக்வொன்களில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வைக் கொரியர்கள் ‘ஏழு வயதுத் தேர்வு’ என்கிறார்கள். கொரிய முறையில் எண்ணிய ஏழு. நம் கணக்கில் ஐந்து, ஆறு. பள்ளியில் ஆங்கிலம் தொடங்குவது மூன்றாம் வகுப்பில்தான். அதற்குள் இந்தப் பிள்ளைகள் நீண்ட ஆங்கிலப் பத்தி படித்து, விடை எழுதி, தேர்ந்தெடுக்கப்பட்டோ தள்ளப்பட்டோ விடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் தேசிய மனித உரிமை ஆணையம் இதைக் குழந்தைகளின் உரிமை மீறல் என்று சொன்னது. சொல்ல வேண்டியதைத்தான் சொன்னது. தாய்மொழியிலேயே கதைப் புத்தகம் படிக்கத் தொடங்கும் வயதில், அயல்மொழிப் பத்தியில் விடை தேடச் சொல்வதை எந்தப் பயனைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

பதினெட்டு வயதுக்காரர்கள் கதை சற்று வேறு. அவர்களில் பலர் உண்மையிலேயே கூர்மையான வாசகர்கள். ஒரு பத்தியின் வாதம் எங்கே திரும்புகிறது, எடுத்துக்காட்டு எது, முடிவு எது என்று நொடிகளில் பிரித்துவிடுகிறார்கள். பல நாடுகளின் கல்லூரி மாணவர்களிடமே இல்லாத திறன் அது. குறைபடுவது வேறு இடத்தில். பன்னிரண்டு ஆண்டு பள்ளிப் படிப்பின் முடிவில் வரும் ஆங்கிலத் தாளின் 45 கேள்விகளில் ஒன்றுகூட மாணவரை ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதில்லை. எல்லாமே ஐந்தில் ஒன்றைக் குறிப்பது. சன்ஸ்டீனின் ஒரு பத்தியைப் பிளந்து பார்த்த பிள்ளைக்கு, அந்த நூலை எடுத்து முதல் அத்தியாயத்தைப் படிக்க நேரமில்லை. படித்ததோடு உடன்படுகிறாயா என்று கேட்க யாருமில்லை.

அப்படிக் கேட்கும் பள்ளிகள் மெல்ல வரத் தொடங்கியிருக்கின்றன. தேகு நகரமும் ஜேஜு தீவும் 2019-இல் அனைத்துலகப் பக்கலோரியா அமைப்போடு உடன்பாடு செய்து, சில அரசுப் பள்ளிகளில் அதன் பாடத்திட்டத்தைக் கொரிய மொழியிலேயே கொண்டுவந்தன. அங்கே பிள்ளைகள் நூல்களை முழுதாகப் படிக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், வாய்மொழியாக விளக்குகிறார்கள். ஆங்கிலப் பாடத்தை ஆங்கிலத்திலேயே எழுதியும் பேசியும் முடிக்க வேண்டும். ஒரே ஒரு தடை: அவர்களின் இறுதித் தேர்வும் சுனுங்கும் ஒரே நவம்பரில் மோதுகின்றன. அதனால் இந்தத் திட்டத்தில் சேர்பவர்கள் பெரும்பாலும் சுனுங் மதிப்பெண் கேட்காத முன்சேர்க்கை வழியாகத்தான் பல்கலைக்கழகம் போக முடிகிறது. பதினாறு வயதில் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே, நாட்டின் பெரும்பாலான பிள்ளைகள் போகும் பாதையிலிருந்து விலகுவதாகக் குடும்பமே உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.